வேம்பின் பிம்பம்

அநியாயம் நடந்தது செங்கமலத்துக்கு. செய்தவள் மாதங்கி.

ஆறு வருடம் ஒரே பாயில் உட்கார்ந்து வடிவியல் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கலாமா என்று செங்கமலம் கேட்டிருந்தாள். மாதங்கி பதில் சொல்லவில்லை. படிப்பு முடிந்த மறுநாள், சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாள்.

ஒரு சீட்டு மட்டும் கிடந்தது. "பதிலைப் புதைத்திருக்கிறேன். வாய்க்கால்தான் கண்ணாடி. உன் வேம்பின் பிம்பம் அக்கரையில் எங்கே விழுமோ, அங்கே தோண்டு."

ஒன்பது நாளாகத் தோண்டியாயிற்று. கையெல்லாம் கொப்புளம். ஒன்பது நாளும் செங்கமலம் பாயில் பாதியைக் காலியாக விட்டுத்தான் உட்கார்ந்தாள்.

குரு ஆதிரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செங்கமலத்தைவிட மூன்று வயது சின்னவள். 'குருவே' என்று கூப்பிட ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது கூப்பிடுவதே சண்டைக்குத்தான்.

"பொய் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், குருவே. முடியாது என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே."

எப்படி அளந்தாய் என்று ஆதிரை கேட்டாள்.

தான் எப்போதும் உட்காரும் வேப்பமரத்தடியிலிருந்து கிழக்கே நாற்பது தப்படி, வாய்க்கால் வந்தது. தாண்டி, அதே திக்கில் இன்னொரு நாற்பது. இதில் தப்பு எங்கே இருக்கிறது, தப்பெல்லாம் அவளிடம்தான் என்று செங்கமலம் அடுக்கிக்கொண்டே போனாள்.

"ஏன் கிழக்கே?"

"நான் உட்காரும் இடத்திலிருந்து அதுதான் நேர்."

"வாய்க்காலைக் கேட்டாயா?"

ஆதிரை எழுந்தாள். சுவரில் தொங்கிய, செங்கோணம் பார்க்கும் கொத்தனார் மூலைமட்டத்தை எடுத்துச் செங்கமலத்தின் கையில் கொடுத்தாள். கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

வாய்க்கால் வடகிழக்காகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருடமாக அப்படித்தான் ஓடியது.

செங்கமலம் மூலைமட்டத்தின் ஒரு கையைக் கரையோடு ஒட்டிவைத்தாள். மறு கை மரத்தைக் காட்டவில்லை. கரையோரமாகத் தென்மேற்கே நகர்ந்தாள். வைத்துப் பார்த்தாள். நகர்ந்தாள்.

ஓரிடத்தில் அது வேம்பைக் காட்டியது.

அங்கிருந்து மரத்துக்கு இருபத்தெட்டே தப்படி.

வாய்க்காலைத் தாண்டினாள். எண்ணிக்கொண்டே நடந்தாள். இருபதுக்கு மேல் எண்ணப் பயமாக இருந்தது.

இருபத்தெட்டில் மண் பொலபொலவென்று வந்தது. சின்னக் கலயம் ஒன்று. உள்ளே மாதங்கியின் கையெழுத்து.

"ஆரம்பிக்கலாம். ஆனால், பிம்பப் பாடம் மட்டும் நான் எடுக்கிறேன்."