உள்ளே நெளிந்த வட்டம்

“என்னத்தைப் பேச, டீச்சர்?” என்று கேட்டார் இராசமலர்.

ஆரணி குனிந்து சறுக்குச் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பது வயது. இராசமலருக்கு எழுபது நெருங்குகிறது. ஆனாலும் கழகத்தில் பனிச்சறுக்குப் பழக்குகிறவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். இராசமலர் தலைவியாக இருந்தபோது போட்ட விதி.

“சின்னனில எனக்குப் பம்பேர்ஸ் மாத்தினனீங்கள், அன்ரி. இண்டைக்காவது பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ.”

“விதி விதிதான்.”

அன்று கழகத்தின் கடைசி நாள். நகரசபை பனித்தளத்தை மூடுகிறது. பின்னேரம் பிரியாவிடை. தொடங்கியவர்களில் மிஞ்சியிருப்பவர் இராசமலர் ஒருவர்தான். கழகத்தின் வரலாற்றை அவர்தான் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

“தொடங்கின கதையைச் சொல்லுங்கோவன்.”

“நிரூபனுக்காகத் தொடங்கினது. பெடியன் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளயே கிடக்கிறான் எண்டு. முதல் பிள்ளை அவன்தான். அதுக்குப் பிறகு?”

ஆரணி மற்றச் சப்பாத்தின் கயிற்றை எடுத்தாள்.

நிரூபன் இராசமலரின் ஒரே மகன். இருபத்திரண்டு வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

“என்ரை பிள்ளையை வச்சிருக்கத் தெரியாத கழகம் எண்டு சொல்லட்டோ? கை தட்டுவினம்.”

“அன்ரி.”

“அவன்ரை எண்டு இஞ்ச ஒண்டும் இல்லை, டீச்சர். ஒரு கப் எடுத்தவனோ? ஒரு படம் கொழுவிக் கிடக்கோ? ஒண்டும் இல்லை.”

“சப்பாத்தைப் போடுங்கோ.”

“இப்பவோ? முழங்கால் விடாது.”

“போடுங்கோ.”

இருவரும் பனியில் இறங்கினார்கள். பனித்தளத்தைத் துடைக்கும் வண்டி சற்று முன்தான் ஓடியிருந்தது. பனியில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆரணி ஒற்றைக் காலில் ஒரு வட்டம் போட்டாள். சப்பாத்தின் அடிக்கத்தி போன வழியில் வெள்ளைக் கோடு விழுந்தது.

“இதுக்கு மேல போங்கோ.”

கழகத்தின் ஆகப் பழைய பயிற்சி அது. ஒருவர் கீறுவார். அடுத்தவர் அதே கோட்டில் போக வேண்டும். கோடு கோணலென்றால் கோணலாகவே போக வேண்டும். கோட்டை விட்டு விலகுவதுதான் குற்றம்.

இராசமலர் முதலில் கோட்டைப் பார்த்தார். பழைய பழக்கத்தில் பனியில் முழந்தாளிட்டார். வட்டம் முடிவதற்குச் சற்று முன்னால், ஓரிடத்தில், அது உள்ளே நெளிந்திருந்தது.

“உது என்ன? ஒரு டீச்சர் போடுற வட்டமோ உது?”

“எனக்கு அப்பிடித்தான் வரும்.”

“ஆர் பழக்கினது?”

“நிரூபன் அண்ணா. எங்களுக்கு அப்ப ஆறேழு வயசு. அவர் கீறுவார், நாங்கள் வாத்துக் குஞ்சுகள் மாதிரிப் பின்னால போவம். நான் பழக்கின பிள்ளையளுக்கும் அந்த இடத்தில அப்பிடித்தான்.”

இராசமலர் எழும்பவில்லை.

அந்த நெளிவு அவருக்குத் தெரியும். மகனின் வட்டத்தில் அது ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவர் நாற்பது வயதில் சறுக்கப் பழகினார். வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் அதைத்தான் சொல்லிக்கொண்டு வருவார். திரும்பவும் அதே இடம். திரும்பவும் அதே பிழை. நிரூபன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆரணி கை கொடுத்தாள். இராசமலர் எழுந்து, வலது காலைக் கோட்டில் வைத்துத் தள்ளினார்.

பாதி வட்டம் கோட்டின் மேலேயே போயிற்று. நெளிவு வந்தது. கால் அதைத் தாண்டி வெளியே போனது.

“இன்னொருக்கா” என்றார்.

மறுபடி அங்கே வந்ததும் உடம்பை உள்ளே சாய்த்தார், அவன் சாய்வதுபோல. கத்தி கேட்கவில்லை.

கோடுகளை அழிக்க, ஓரத்தில் துடைக்கும் வண்டி வந்து நின்றது. ஓட்டுகிறவர் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார்.

“அவரை நிக்கச் சொல்லு, ஆரணி.”

மறுபடியும் போனார். மறுபடியும்.

பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு புகையாக வந்தது.

“எனக்கு வருகுதில்லையே, பிள்ளை.”

ஆரணி குனிந்து பனியைப் பார்த்தாள். நிரூபனின் கோடு தனியே உள்ளே நெளிந்து கிடந்தது. அதற்கு வெளியே, ஒன்றன்மேல் ஒன்றாக, இராசமலரின் கோடுகள்.

“உங்கடை வட்டத்தில ஒரு பிழையும் இல்லை, அன்ரி” என்றாள்.