கோணல் வண்டியில நேரான அடுப்படி

"கோணலா? யாரு வேலைங்க கோணல்? நீங்க போட்டோவச் சாய்ச்சுப் புடிச்சு எடுத்திருப்பீங்க. போன நேராப் புடிங்க மொதல்ல!"

செண்பகம் போன்ல கத்துன கத்துக்கு, பட்டறை வாசல்ல படுத்திருந்த நாய் எந்திரிச்சு வேற எடம் பாத்துப் போயிருச்சு.

"என்ன, போன் நேராத்தான் இருந்துச்சா? அப்ப ஜன்னல் கோணல்! அடுப்பு மேடைக்கும் ஜன்னலுக்கும் நடுவுல இந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை, அந்தப் பக்கம் நாலு விரக்கடைன்னா அது எங்குத்தமா? ஜன்னல் வெச்சவனப் போயிக் கேளுங்க!"

அந்தப் பக்கம் பேசுனது கனகராசு. வேன் அவரோடது. பொண்டாட்டியக் கூட்டிட்டு ஊரு ஊராச் சுத்தணும், வழியில வேனுக்குள்ளயே சமைச்சுச் சாப்பிடணும்னு ஆசைப்பட்டு, கரூர்ல இந்தப் பட்டறையில வேன விட்டிருந்தாரு. காலைல வந்து பாத்து, போட்டோ புடிச்சுட்டுப் போனவரு.

"தரையும் கோணலாத் தெரியுதா? சரி, தரையும் கோணல்தானுங்க. கூரையுங் கோணல். வண்டி மொத்தமும் கோணல். அதுக்குள்ள நேரா இருக்கறது என் அடுப்படி ஒண்ணுதான். வெய்ங்க போன!"

அவளே வெச்சுட்டா.

நஸ்ரீன் ஓரமா உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தா.

நஸ்ரீன்தான் பட்டறை மேஸ்திரி. வயசுல செண்பகத்த விடச் சின்னவ. செண்பகம் வீடுகளுக்கு அடுப்படி அலமாரி அடிச்சுப் பழகுனவ. வண்டி வேல கத்துக்கணும்னு இவகிட்ட வந்து சேந்தா. கனகராசு வேன்ல அடுப்படி சரியா அமைஞ்சுட்டா, அடுத்த வேன் முழுக்க உங்க கையிலதான்னு நஸ்ரீன் சொல்லியிருந்தா. அடுத்த வேனும் வந்து நின்னுருச்சு. வெள்ளை வெளேர்னு.

"மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. கோணலா?"

"பாக்கலாங்க்கா."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? அடுப்பு மேல, சிலிண்டர் கீழ, சிங்க் ஓரமா, அஞ்சறைப்பெட்டிக்குன்னு தனி டிராயர். வண்டி திரும்பறப்ப டிராயர் தொறந்துக்கக் கூடாதுன்னு கொக்கி வரைக்கும் போட்டிருக்கேன். இதுக்கு மேல என்ன, குத்துவிளக்கும் ஏத்தி வெக்கணுமா?"

நஸ்ரீன் டம்ளர வெச்சுட்டு வேனுக்குள்ள ஏறுனா.

பின்னாடியே செண்பகமும் ஏறுனா, மட்டம் பாக்கற ரசமட்டத்தோட. மேடை மேல அத டக்குன்னு வெச்சா.

"குமிழி நடுவுல நிக்குதா இல்லீங்களா?"

"நிக்குது."

"சத்தமாச் சொல்லுங்க. வெளிய நிக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

"நடுவுலதான் நிக்குது!"னு நஸ்ரீன் சத்தமாவே சொன்னா.

வெளிய பிளைவுட் அறுத்திட்டிருந்த முத்தழகும், வெல்டிங் அந்தோணியும் நிமுந்து பாத்தாங்க.

வண்டி பூசைக்குன்னு முன்சீட்டுல எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சிருந்தாங்க. நஸ்ரீன் அதுல உருண்டையா ஒண்ணப் பொறுக்கி மேடை மேல வெச்சா.

உருளல.

செண்பகத்துக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "கனகராசுக்குப் போனப் போட்டு, பழமே சாட்சி சொல்லுதுன்னு சொல்லட்டுங்களா?"

"அக்கா, பழத்தையே பாத்துட்டு உக்காருங்க."

நஸ்ரீன் முன்னாடி போயி உக்காந்தா. ஹேண்ட் பிரேக்க எறக்கி, ரிவர்ஸ் போட்டா.

பட்டறை வாசல் சரிவு. மழத்தண்ணி உள்ள வராம ரோட்டுக்கு ஓடட்டும்னு மண்ணடிச்சு ஒசத்துன எடம். இத்தன நாளும் வேன் அதுல மூஞ்சியத் தூக்கிட்டு நின்னுச்சு. இப்ப மெல்லப் பின்னால எறங்கி, ரோட்டத் தாண்டி, எதுத்தாப்புல இருந்த சிமெண்டுக் களத்துல போயி நின்னுச்சு. களம் சமமான களம்.

பழம் லேசா அசைஞ்சுது.

அப்புறம் நகந்துச்சு. அப்புறம் ஓடுச்சு. மேடை முனையத் தாண்டி செண்பகத்தோட மடியில வந்து விழுந்துச்சு.

எடுத்து மறுபடி வெச்சா. மறுபடியும் மடிக்கே வந்துச்சு.

"நீங்க வண்டிய நகத்திட்டீங்க!"

"வண்டிங்க்கா."

செண்பகம் வாயத் தொறந்தா. மூடுனா. அவ வாய மூடி அதுவரைக்கும் பட்டறையில யாரும் பாத்ததில்ல.

ரசமட்டத்தப் பாத்தா. குமிழி ஒரு ஓரத்துல ஒண்டிக் கெடந்துச்சு.

ஜன்னலப் பாத்தா. நேரா இருந்துச்சு.

"வீட்டுல இப்படித்தானுங்க மேஸ்திரி வெப்போம். ஒரு நாளும் தப்புனதில்ல."

"வீடு எங்கக்கா போவுது?"

"அப்ப இங்க எத நம்பித்தான் அளக்கறது?"

நஸ்ரீன் செருப்பக் கழட்டி ஓரமா வெச்சா. வெறுங்கால்ல வேன் தரைய ரெண்டு தட்டு தட்டுனா. எறங்கிப் போயிட்டா.

செண்பகம் குனிஞ்சு அந்தத் தரையத் தானும் தட்டிப் பாத்தா. அப்புறம் ஸ்க்ரூட்ரைவர எடுத்தா.

மாட்டுனதெல்லாம் அவளே கழட்டுனா. ஒதவிக்கு வந்த அந்தோணியக் கிட்ட விடல. "தொடாத. எங்கோணல், நானே நிமுத்திக்கறேன்." வேன் தரையிலருந்து நாலு மூலைக்கும் அளந்து, மறுபடி மாட்டுனா. இப்ப ஜன்னலுக்கும் மேடைக்கும் நடுவுல எந்தப் பக்கம் பாத்தாலும் மூணு விரக்கடை.

போட்டோ எடுத்து கனகராசுக்கு அனுப்புனா. கீழ ஒரு வரி போட்டா: 'ஜன்னல் நேராத்தான் இருக்குங்க. மன்னிச்சுக்கங்க.'

மனசு கேக்கல. இன்னொரு வரியும் போட்டா: 'ஆனாலும் போட்டோ சாஞ்சுதான் இருந்துச்சு.'

சாயங்காலம் நஸ்ரீன் வந்து பாத்தா. மேடையில கைய வெச்சு ஒரு இழு இழுத்தா. டிராயரத் தொறந்து மூடுனா. வெள்ள வேன் சாவிய எடுத்து செண்பகத்துகிட்ட நீட்டுனா.

முத்தழகு ரம்பத்த நிறுத்திட்டான்.

"ஏனுங்க மேஸ்திரி, கோணலா வெச்ச அக்காளுக்கா முழு வண்டி?"

அந்தோணி கெக்கேன்னு சிரிச்சான்.

செண்பகம் சாவிய வாங்கி இடுப்புல சொருவுனா. நிதானமாத் திரும்புனா.

"ஏண்டா முத்தழகு, நீ மொதமொதல்ல மாட்டுன வண்டியில எத வெச்சுப் பாத்த?"

முத்தழகு ரம்பத்தத் தொடைக்க ஆரம்பிச்சான். அது ஏற்கெனவே சுத்தமாத்தான் இருந்துச்சு.

"அந்தோணி, நீ?"

அந்தோணிக்குத் திடீர்னு வெல்டிங் கண்ணாடியக் காணோம். தேடிட்டிருந்தான். நெத்தி மேலதான் ஏத்தி விட்டிருந்தான்.

"மொத வண்டியில ரசமட்டம் வெக்காதவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க பாக்கலாம்!"

ஒரு கையும் எந்திரிக்கல.

செண்பகத்தோட கண்ணு மெல்ல நஸ்ரீன் பக்கம் போச்சு. மேஸ்திரி ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிட்டு, தகரக் கூரைய அண்ணாந்து பாத்துட்டு நின்னா.

"மேஸ்திரி! கூரையில என்னங்க இருக்கு? இங்க பாருங்க. நீங்க மொதல்ல வெச்ச அடுப்படி எந்தப் பக்கம் சாஞ்சுது? எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க!"