பாதி நெல்லிக்காய்

கிட்டே வந்து உட்காருங்க. இன்னும் கிட்டே. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்கே பயம்.

மலைமேல் ஒரு சுனை. விடிந்து வெகுநேரம் ஆனாலும் அங்கே பனிமூட்டம் விலகாது. எதிரே நிற்பது யாரென்று தெரியாது. அந்தச் சுனைக்கு ஒரு சருகுமானும் அதன் குட்டியும் தண்ணீர் குடிக்க வரும். முயலும் வரும்.

ஒருநாள் லோலா என்ற கிளி அங்கே வந்து சேர்ந்தது. மெக்சிகோவில் ஒரு சந்தைத் தெருவில் வளர்ந்து, கப்பலேறி வந்த கிளி. வாயைத் திறந்தால் ஸ்பானிஷ், அதுவும் தெருப்பேச்சு!

"எங்க ஊர்ல கூட்டாளியை 'குவாத்தே'ன்னு கூப்பிடுவாங்க!" என்றது.

"அப்படின்னா?" என்றது முயல்.

"ரெட்டைப் பிள்ளைன்னு அர்த்தம். ஸ்பானிஷ்காரங்க வர்றதுக்கு முந்தியே அங்க இருந்த சனங்களோட பழைய பேச்சுல இருந்து வந்தது." கிளி குரலைத் தாழ்த்தியது. "அந்தப் பேச்சுல பாம்புக்கும் இதே பேருதான்."

முயல் சட்டென்று தன் காலடியைப் பார்த்துக்கொண்டது.

சருகுமான் யோசித்துச் சொன்னது: "ரெட்டைப் பிள்ளைன்னா திங்கறதுலயும் பாதி உண்டு. நம்ம சுனையில யாராவது ஒரு நெல்லிக்காயை உருட்டிவிட்டா, பாதியைக் கடிச்சிட்டு மீதியைத் திருப்பித் தரணும். அவங்கதான் குவாத்தே!"

அதுவே வழக்கமானது.

சில நாள் கழித்து, சுனைக்கரை நாணலுக்குள் ஒரு சிறுத்தை வந்து படுத்தது. தினமும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. 'குவாத்தே' என்ற சொல் அதன் காதில் விழுந்தது. பனியில் நெல்லிக்காய் உருண்டது மட்டும் கண்ணில் படவே இல்லை.

ஒரு காலை, பனி பால் மாதிரி இறங்கியிருந்தது. சருகுமான் குட்டியோடு நெல்லிமரத்தடிக்கு வந்தது. பின்னால் காரைப்புதர் சலசலத்தது. முன்னால் நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"குவாத்தே! உன் பின்னாடி சிறுத்தை நிக்குது! குட்டியைக் கூட்டிக்கிட்டு இங்க ஓடி வா!"

"அம்மா, போயிடலாம்மா!" குட்டி குரல் வந்த பக்கம் தாவப் பார்த்தது.

"அசையாதே, கண்ணு."

தாய் முன்னும் பின்னும் பார்த்தது; பனிதான் தெரிந்தது. எந்தப் பக்கம் ஓடுவது? தப்பான பக்கம் ஓடினால் குட்டி போச்சு. கீழே கிடந்த நெல்லிக்காய் ஒன்றை மூக்கால் முன்னே தள்ளியது. இன்னொன்றைப் பின்னே தள்ளியது. காத்திருந்தது.

முன்னாலிருந்து எதுவும் வரவில்லை. "என்ன விளையாட்டு இது? சீக்கிரம் வா, குவாத்தே!" என்று குரல்தான் வந்தது.

பின்னாலிருந்து குரலே வரவில்லை. புதருக்குள்ளிருந்து பாதி கடித்த நெல்லிக்காய் ஒன்று மெல்ல வந்து விழுந்தது. முயலின் பல் தடம்! பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் அது வழக்கத்தை மறக்கவில்லை.

"இதோ வர்றோம், குவாத்தே!" என்று கத்திய சருகுமான், ஒரு கல்லைப் பக்கத்துச் சேற்றுப் பள்ளத்துக்கு உருட்டிவிட்டது. தொப்!

சத்தம் வந்த இடத்துக்குச் சிறுத்தை பாய்ந்தது. கழுத்துவரை சேறு! அதற்குள் தாயும் குட்டியும் காரைப்புதருக்குள் நுழைந்துவிட்டன.

"குவாத்தே! என்னைக் கரையேத்திவிடு!" என்று உறுமியது சிறுத்தை.

"என் நெல்லிக்காயில பாதி எங்கே?" என்று கேட்டது சருகுமான்.

சிறுத்தை எப்படியோ சேற்றிலிருந்து ஏறிப் போனது. திரும்பி வராது என்று யார் சொல்ல முடியும்? கேட்டுக்கோங்க பிள்ளைகளே, ஒரு சொல்லை யார் வேணும்னாலும் கத்துக்கலாம். அந்தச் சொல்லுக்குத் தக்கபடி நடக்கிறவங்களைத்தான் நம்பணும்.

மறுநாள் காலையும் பனி. சருகுமான் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. முதலில் ஒரு நெல்லிக்காயை மெல்ல நாணல் பக்கம் உருட்டிவிட்டது.