தேனீ வழிச் சொந்தம்

அந்தக் காலத்தில், தேனீயும் கரடியும் நாரையும் மனிதர்களிடம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, நெமுனாஸ் ஆற்றங்கரைக் காடுகளில் தேன் எடுப்பவர்களுக்குச் சட்டம் இரண்டே இரண்டுதான். மரத்தில் யாருடைய கோடரிக் குறி இருக்கிறதோ அவருக்கு மரம் சொந்தம். தேனீக்களை யார் பார்த்துப் பார்த்து வளர்த்தாரோ அவருக்குத் தேனீ சொந்தம். லித்துவேனியர்கள் இதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்கள். ஒருவருடைய தேனீ இன்னொருவருடைய மரத்தில் குடியேறினால் என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. சட்டம் போடுகிறவர்களுக்கு அப்படிப்பட்ட விஷயம் மட்டும் எப்போதும் தோன்றாது.

அந்தக் காட்டின் மேற்குக் கோடியில் உர்தே என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகித் தொலைதூரத்திலிருந்து வந்தவள். பிறந்த வீட்டில் இப்போது யாரும் உயிரோடு இல்லை. புருஷன் கிண்டாஸ் இரண்டு வருடத்துக்கு முன் தேன் எடுக்கத் தனியாக மரம் ஏறி, கால் தவறி விழுந்து செத்துப்போனான். அவன் விட்டுப்போனது ஒரு குடிசை, ஒரு நீளக் கயிறு, ஒரே ஒரு ஓக் மரத்துத் தேனீக்கூட்டம். சாயங்காலமானால் உர்தே அந்த மரத்தடியில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் தேனீக்களிடம் சொல்வாள். சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு ஆள் இல்லை. கிண்டாஸின் குரலைக் கேட்டுப் பழகிய உயிர்கள் இந்த உலகத்தில் அவளும் அவையும் மட்டும்தான்.

ரை என்னும் தானியம் பூக்கும் மாதத்தில் ஒரு மத்தியானம் இடி விழுந்து அந்த ஓக் மரம் இரண்டாகப் பிளந்தது. பிளவிலிருந்து தாய்த் தேனீ வெளியே வந்தது.

"வீடு போச்சு, உர்தே. நாங்க கிளம்புறோம்."

"எங்க?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டோமா?"

"அப்ப நானும் வர்றேன்."

"நாங்க பறக்கிறவங்க. நீ நடக்கிறவ."

"நடக்கிறேன்," என்றாள் உர்தே. ஒரு ரொட்டியை மடியில் கட்டிக்கொண்டாள், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள், கிளம்பிவிட்டாள். கதவைச் சாத்தினாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

முதல் நாள் சதுப்பு நிலம். அது அவளுடைய ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. ஒற்றைச் செருப்பால் என்ன பயன் என்று மற்றதை அவளே கழற்றி எறிந்தாள். இரண்டாம் நாள் மார்பளவு ஆற்றைக் கடந்தாள். மூன்றாம் நாள் கூட்டம் கண்ணுக்குத் தப்பிவிட்டது. கரையில் நின்ற செங்கால் நாரையிடம் கேட்டாள்.

"தேனீயா? நான் தவளையைத் தவிர வேறெதையும் பாக்கிறதில்ல," என்றது நாரை. பிறகு அவள் காலைப் பார்த்தது. என்ன நினைத்ததோ, அலகைக் கிழக்கே நீட்டிக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது.

கிழக்கே நார்விலாஸ் என்பவனுடைய காடு. ஆறு பைன் மரங்களில் பொந்து குடைந்து, ஆறிலும் மூன்று வெட்டுக் குறி போட்டு வைத்திருந்தான். போன குளிரில் ஆறு கூட்டங்களும் செத்துவிட்டன. வீட்டில் ஐந்து பிள்ளைகள். வசந்தம் முழுக்கப் பொந்துகளில் மெழுகைத் தடவிவிட்டு, வாசனைக்கு ஏதாவது கூட்டம் வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்றைக்குத்தான் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. மனிதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் புதருக்குள்ளிருந்து சேறும் சகதியுமாக ஒருத்தி வெளியே வந்தாள்.

"அது என் தேனீ," என்றாள்.

"வாங்கம்மா," என்றான் நார்விலாஸ், மரியாதை தெரிந்தவன். "மரம் என்னோடது. குறியைப் பாருங்க."

"பாத்தேன். மரத்தை நீங்களே வச்சுக்குங்க. தேனீயைக் கொடுங்க."

"என் மரத்தில யாரையும் ஏற விட மாட்டேன்."

"என் தேன்ல யாரையும் கைவைக்க விட மாட்டேன்."

இருவர் பேச்சும் சட்டப்படி சரி. அதனால் மரத்துக்கு இந்தப் பக்கம் அவன் உட்கார்ந்தான், அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, எட்டு நாள். எழுந்து போனால் தோற்றதாகிவிடும் என்று இருவருக்கும் ஒரே நினைப்பு. மழை வந்தது, நனைந்தார்கள். கொசு வந்தது, கடிபட்டார்கள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நார்விலாஸின் மனைவி ரஸா தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள். முதல் இரண்டு நாள் புருஷனுக்கு மட்டும் கொடுத்தாள். மூன்றாம் நாள் பாலாடைக்கட்டியை இரண்டாக வெட்டி ஒரு பாதியை உர்தே பக்கம் வைத்தாள்.

"யார் பக்கம் நீ?" என்று உறுமினான் நார்விலாஸ்.

"பசிக்கிறவங்க பக்கம்," என்று சொல்லிவிட்டு அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எட்டாம் நாள் காலையில் கரடி வந்தது. மூக்கைத் தூக்கி ஒரு முறை மோந்து பார்த்தது.

"புதுத் தேன். யாரோடது இது? கேட்டுத் தின்னுறதுதான் என் வழக்கம்."

"என்னோடது," என்றார்கள் இருவரும்.

கரடிக்குக் கொண்டாட்டம். "ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடினா அதுக்குச் சொந்தக்காரர் இல்லைன்னுதான் அர்த்தம். நாளைக் காலையில வர்றேன். அதுக்குள்ள ஒரு ஆளா முடிவு பண்ணி வையுங்க. இல்லாட்டி எனக்கு."

கரடி போனதும் நார்விலாஸ் எழுந்தான். பொந்தின் வாசலுக்கு நேரே ஒரு கனமான கட்டையைத் தொங்கவிட்டால் போதும். கரடி அதைத் தள்ளத் தள்ள அது ஆடி வந்து கரடியையே அடிக்கும். கட்டையும் தயாராக இருந்தது. ஆனால் மரமோ பத்து ஆள் உயரம். அவனுடைய கயிறு மழையில் ஊறி நைந்துபோயிருந்தது. அதையே இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறப் போனான்.

உர்தே சட்டென்று எழுந்தாள். அவள் புருஷனும் இப்படித்தான், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தனியாக ஏறினான்.

"நில்லுங்க," என்றாள். எட்டு நாளில் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. "என் கயிறைக் கட்டிக்குங்க. அடுத்த முனையை நான் பிடிச்சுக்கிறேன்."

"நீங்களா?"

"வேற யார் இருக்கா இங்க?"

கயிறு போதாமல் இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்ல வேளை, நீளமாகவே இருந்தது. ஒரு கிளையின் மேல் அதை வீசிப் போட்டு, ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டிக்கொண்டான், மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். கட்டையை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான். பொந்துக்கு எட்டும் நேரம் காலடிக் கிளை மளுக்கென்று முறிந்தது. நார்விலாஸ் கட்டையோடு அந்தரத்தில் தொங்கினான்.

கயிறு உர்தேவை ஓரடி தூக்கிவிட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. கையை விட்டால் தேனீ அவளுக்கு. மரமும்கூட அவளுக்குத்தான், கேட்க யார் வரப்போகிறார்கள். அந்த நினைப்பு அவளுக்கு வரவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன், வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. காலைத் தூக்கி அடிமரத்தில் உதைத்துக்கொண்டாள், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"விடமாட்டேன்," என்று மேலே பார்த்துக் கத்தினாள். "நீங்க மெதுவா கால் வைங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் விடமாட்டேன்."

நேரம் ஆகத்தான் செய்தது. அவன் ஆடி ஆடி மரத்தை எட்டிப் பிடித்தான், கால் வைத்தான், கட்டையைத் தொங்கவிட்டான், இறங்கினான். கீழே வந்து அவள் கையைப் பார்த்தான். தன் சட்டையைக் கிழித்து இரண்டு கைக்கும் கட்டுப்போட்டான். அப்போதுதான் உர்தே அழுதாள். கிண்டாஸ் செத்த அன்றைக்குக்கூட அவள் அழவில்லை. ஒரு ஆள் கீழே நின்று கயிற்றைப் பிடித்திருந்தால் அவன் இருந்திருப்பானே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நார்விலாஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் கரடி ஏறியது. கட்டையைத் தள்ளியது, கட்டை திரும்பி வந்து அடித்தது. கோபத்தில் இன்னும் பலமாகத் தள்ளியது, இன்னும் பலமாக வாங்கிக்கொண்டது. நாலாவது அடியில் பொத்தென்று விழுந்து, யாருடைய தேன் என்று கேட்காமலே கிளம்பிவிட்டது.

தாய்த் தேனீ வாசலுக்கு வந்தது. "ஒன்பது நாளா அவரோடதா இவளோடதான்னு ஒரே இழுபறி. எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? சண்டை நடக்கிற இடத்தில எங்களால குடியிருக்க முடியாது. இன்னைக்கே கிளம்பிடலாம்னு இருந்தோம்."

"இப்ப?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"நேத்துக் கயிறோட ரெண்டு முனையையும் பாத்தோம். இருக்கிறோம்," என்று சொல்லிவிட்டு அது உள்ளே போய்விட்டது.

இலையுதிர்காலத்தில் தேன் எடுத்தபோது குளிருக்கு வேண்டியதைத் தேனீக்களுக்கு விட்டுவிட்டு, மிச்சத்தை நார்விலாஸ் வீட்டில் ஒரே மேசையில் வைத்தார்கள். புதுத் தேன் வைத்த மேசையில் குடும்பத்தாரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். ரஸா தனக்குப் பக்கத்தில் உர்தேவுக்கு இடம் போட்டாள். வாசலில் நின்ற அண்டைவீட்டுக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தம்மா உங்களுக்கு யாரு? அக்கா தங்கச்சியும் இல்ல, சம்பந்தியும் இல்ல."

நார்விலாஸ் ரொட்டியில் தேனை வழித்து முதல் துண்டை உர்தேவிடம் கொடுத்தான். "தேனீ வழியில சொந்தம்," என்றான்.

இருபது வருடம் கழித்து உர்தே செத்தபோது அவளைச் சுமந்தது அந்த வீட்டு ஐந்து பிள்ளைகள்தான். அத்தை அத்தை என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதார்கள்.

அன்று முதல்தான் லித்துவேனியர்கள் தேனீக்கூட்டத்துக்கு விலை பேசுவதில்லை. ஒரு வீட்டுக் கூட்டம் இன்னொருவர் மரத்தில் போய் இறங்கினால், அந்த இரண்டு வீட்டாரும் அந்தக் கணத்திலிருந்து சொந்தக்காரர்கள். கல்யாணத்துக்கு முதலில் அழைப்பார்கள், சாவுக்கு முதலில் ஓடி வருவார்கள். கூடப்பிறந்தவனோடுகூடச் சண்டை போடுவார்கள், தேனீ வழிச் சொந்தத்தோடு மட்டும் குரலை உயர்த்த மாட்டார்கள். உயர்த்தினால் தேனீக்கள் கிளம்பிவிடும்.