சகலை தூக்கி வந்த சங்கு

நண்டுகள் வாய்திறந்து பேசிக்கொண்டும், பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், கடற்கரை நண்டு ஒவ்வொன்றுக்கும் முதுகு முழுக்கக் கெட்டியான ஓடு இருந்தது. ஒச்சையன் என்ற நண்டின் ஓடு கரையிலேயே பேர்போனது. கொக்கு கொத்தினால் கொக்குக்குத்தான் வாய் வலிக்கும். அப்படியும் அவனுக்கு ஒரு மனக்குறை. அதன் பெயர் பூவலிங்கம்.

பூவலிங்கம் அவனுக்குச் சகலை. அக்காளை இவன் கட்டியிருந்தான், தங்கையை அவன். ஒருநாள் பூவலிங்கம், உள்ளிருந்த பூச்சி செத்து வெறும் கூடாய் ஒதுங்கிய சங்கு ஒன்றை முதுகில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். வெயிலுக்கு நிழலாம், மழைக்குக் குடையாம். கரையே கூடி நின்று வாய்பிளந்தது.

ஒச்சையன் உதட்டைப் பிதுக்கினான். நண்டுக்கு உதடு ஏது என்று கேட்காதீர்கள். வயிறு எரியும்போது எல்லாருக்கும் உதடு வந்துவிடும்.

அவன் மனைவி சிவனம்மா சும்மா இருந்திருக்கலாம். "அதுக்குள்ள காதை வச்சா கடல் சத்தம் கேக்குதாம், தங்கச்சி சொன்னா" என்றாள்.

"கடக்கரையிலயே குடியிருந்துக்கிட்டு, கடல் சத்தம் கேக்க ஒரு சாமானா?" என்று ஒச்சையன் எரிந்து விழுந்தான். சொல்லிவிட்டு அன்று மத்தியானமே சங்கு தேடிப் போனான்.

கிடைத்தது. சகலையுடையதைவிடப் பெரியது, செவ்வரி ஓடியது. ஆனால் சும்மா கவிழ்த்துக்கொண்டால் சகலைக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? உள்ளேயே குடியேறிவிட வேண்டும் என்று நினைத்தான். புகுந்து பார்த்தான். முதுகு ஓடு இடித்தது. தன் முதுகின்மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஓடு கழற்றும் பருவமும் வந்தது. பழைய ஓட்டைக் கழற்றிய நண்டு, புது ஓடு இறுகும்வரை வளையை விட்டு வெளியே வரக்கூடாது என்பது அந்தக் குலத்து வழக்கம். அதுவரை உடம்பு வெறும் சதைதான். சிவனம்மா வளை வாயை மணலால் மூடிவிட்டுக் காவல் இருந்தாள்.

வெளியே பூவலிங்கத்தின் குரல் கேட்டது. "பழைய சங்கைத் தூக்கிப் போட்டுட்டேன். இது முள்ளு வச்சது."

ஒச்சையனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மணலைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான்.

"ஓடு இறுகட்டுங்க. கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

"இறுகிட்டா எப்படிடீ நுழையுறது?" என்றான். அவன் கணக்கு அவனுக்குச் சரி.

தேடி வைத்திருந்த செவ்வரிச் சங்குக்குள் சதை உடம்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. சங்கின் சுழிக்கேற்ப இடுப்பும் வாலும் சுருண்டன. சங்குக்குள்ளிருந்து கொடுக்கை நீட்டி நடந்து வந்த ஒச்சையனைக் கரையே சூழ்ந்துகொண்டது. பூவலிங்கத்தின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து ரசிப்பதற்காகவே ஒச்சையன் வெளியே வராமல் கிடந்தான். வெளியே நீட்டியிருந்த தலையும் கொடுக்கும் காலும் இறுகின. உள்ளே இருந்த உடம்பு இறுகவேயில்லை.

கொஞ்ச காலத்தில் பூவலிங்கத்துக்குச் சங்கு அலுத்துவிட்டது. "கனம் தாங்கலை சகலை" என்று அலையில் விட்டெறிந்துவிட்டு, மணலில் விறுவிறுவென்று ஓடினான்.

அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் ஒச்சையனுக்கும் ஆசை வந்தது. சங்கை விட்டு வெளியே வந்தான். காற்றுப் பட்டதுமே சுட்டது. சிவனம்மா அலறினாள். "ஐயோ, உங்க முதுகு எங்கங்க?"

ஒரு காக்கை தாழப் பறந்தது. ஒச்சையன் தலைதெறிக்கச் சங்குக்குள் பாய்ந்தான்.

"என்ன சகலை, வெளிய வரலையா?" என்று பூவலிங்கம் கேட்டான்.

"இதுல இருக்கிற சுகம் உமக்கெங்கே தெரியப்போகுது" என்றான் ஒச்சையன். சொன்னவனின் கண் முழுக்கச் சகலையின் கெட்டி ஓட்டு முதுகின் மேலேயே இருந்தது. அந்த முதுகு தனக்கும் இருந்ததுதான் என்பதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

அன்றைக்குப் பிடித்ததுதான், ஒச்சையன் வம்சத்து நண்டுகள் இன்றுவரை யாரோ செத்து விட்டுப்போன சங்கைச் சுமந்துகொண்டு அலைகின்றன, எதிரே இன்னொரு சங்கு நகர்ந்து வந்தால் வழிமறித்து, தங்களுடையதைவிட அது பெரிதா என்று கொடுக்கால் தடவிப் பார்க்கின்றன.