பன்னிரண்டாம் கதவு

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தேசம் முன்பு ஒரு நாசகாரிக் கப்பலைக் கட்டத் தொடங்கியது. எதிரிக் கப்பல்களை விரட்டிப் பிடித்து அழிக்கிற வேகமான போர்க்கப்பலுக்கு அப்படித்தான் பெயர். கட்டி முடிக்க ஆறு வருடம் ஆயிற்று. 'நீலவேங்கை' என்று பெயர் வைத்தார்கள்.

கப்பல்தளத்தில் இரும்புத் தகடுகள் வந்து இறங்கிய அன்றே அவற்றுக்குள் பேச்சு கிளம்பிவிட்டது.

"நான் முகப்புக்குப் போகிறேன். அலையைக் கிழிப்பதே என் வேலை" என்றது ஒரு தகடு.

"என்மேல் பீரங்கி உட்காரப்போகிறது" என்றது இன்னொன்று.

ஓரத்தில் சாய்ந்திருந்த ஒரு தகடு, "எனக்குக் கடலைப் பார்த்தால் போதும்" என்றது. மற்றவை சிரித்தன. கப்பலுக்குப் போகிற இரும்பு கடலைப் பார்க்காமலா இருந்துவிடும்?

ஆனால் அந்தத் தகட்டை வெட்டிக் கதவாக்கிவிட்டார்கள். கப்பலின் அடிவயிற்றில், கடல்மட்டத்துக்குக் கீழே, பின் எந்திர அறைக்கும் நடைவழிக்கும் நடுவே அதை மாட்டினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. கம்பிக்கூட்டுக்குள் எரியும் ஒரே ஒரு விளக்குதான் வெளிச்சம். கதவைச் சுற்றி எட்டுப் பிடிகள் இருந்தன. எட்டையும் அழுத்திப் பூட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது. உள்ளேயிருந்தும் பூட்டலாம், வெளியேயிருந்தும் பூட்டலாம், திறப்பதும் அப்படித்தான். நெற்றியில் வெள்ளை வண்ணத்தில் 12 என்று எழுதினார்கள்.

கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை பதித்தவள் செசிலி. தளத்திலேயே கை சுத்தமான வேலைக்காரி. சட்டத்தில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவை மூடித் திறப்பாள். ரப்பரில் விழுந்த வெள்ளைக் கோடு எங்காவது அறுந்திருந்தால் முழுவதையும் பிரித்து மறுபடி பதிப்பாள். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் கோடு அறாமல் வந்தது. அவள் கதவைத் தட்டிக்கொடுத்தாள்.

"உனக்கு ஒரே வேலைதான், கேட்டியா? அந்தப் பக்கம் கடலே வந்து நின்னாலும் இந்தப் பக்கம் விடக்கூடாது. மாதாவே, அப்படி ஒரு நாள் வராமலே போகட்டும்."

கதவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் கடலைப் பார்க்கும் நாள் எப்படிப்பட்ட நாளாக இருக்கும் என்பது அப்போதுதான் அதற்குப் புரிந்தது. அதன்பிறகு அந்த ஆசையை அது யாரிடமும் சொல்லவில்லை.

நீலவேங்கை கடலில் இறங்கியது. முதல் மூன்று வருடம் ரோந்தும் பயிற்சியுமாகப் போயிற்று. ஒரு புயலின்போது, தண்ணீரில் அமிழ்ந்துகொண்டிருந்த தீவிலிருந்து நானூறு பேரை ஏற்றி வந்தது. மேல்தளத்துப் பீரங்கிக்கு அதில் திருப்தியில்லை.

"கோழிக்கூடையும் மூட்டைமுடிச்சும் சுமக்கவா என்னை இங்கே வைத்தார்கள்?" என்று அது அலுத்துக்கொண்டது.

"உனக்கு வேலை வராதவரைக்கும் எல்லாருக்கும் நல்லதுதான்" என்றது கப்பல்.

இரும்போடு இரும்பைப் பற்றவைத்திருந்ததால் மேலே நடக்கும் பேச்சு அடிவயிறு வரைக்கும் கேட்கும். கதவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கும் வேலை குறைவில்லை. ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது திறக்கும், மூடும்.

பின் எந்திர அறையின் தலைமை மெக்கானிக் செம்புலிங்கம். நாற்பத்தைந்து வயது, கட்டைக் குரல். கதவைக் கடக்கும்போதெல்லாம் "வழி விடு மாப்ளே" என்று அதன் தோளில் தட்டிவிட்டுத்தான் போவார். அவரிடம் வேலை பார்த்தவன் அருளப்பன். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெற்றவர்களும் இல்லை. செம்புலிங்கம் விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது அவர் மனைவி மரகதவல்லி இரண்டு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புவாள். ஒன்று கணவனுக்கு, ஒன்று அருளப்பனுக்கு. இருவரும் அந்தக் கதவருகே தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

நான்காம் வருடம் சண்டை மூண்டது. பீரங்கி முழங்கியது. "இப்போது தெரிகிறதா நான் யார் என்று!" என்று சுடச்சுடக் கேட்டது. எல்லாருக்கும் வேலை இருந்தது.

மூன்றாம் நாள், உச்சிப்பொழுதில், உச்சியில் சுழன்றுகொண்டிருந்த ராடார் அலறியது.

"ஒன்று வருகிறது! தண்ணீரை ஒட்டித் தாழ்வாக வருகிறது!"

கப்பல் திரும்ப முயன்றது. பாதிதான் திரும்ப முடிந்தது. ஏவுகணை பின்பக்கத்து விலாவில் பாய்ந்து பின் எந்திர அறையைக் கிழித்தது.

அந்த நேரம் அறைக்குள் இருந்தவர் செம்புலிங்கம் ஒருவர்தான். அருளப்பன் இரண்டு பேருக்கும் சாப்பாடு வாங்கிக்கொண்டு நடைவழியில் வந்துகொண்டிருந்தான். அதிர்ச்சியில் விழுந்து, எழுந்து, தட்டுகளோடு கதவடிக்கு ஓடினான். கதவு திறந்திருந்தது. உள்ளே கிழிந்த விலா வழியாகக் கடல் கொட்டிக்கொண்டிருந்தது. அறையின் அந்தக் கோடியில், முறிந்து விழுந்த ஒரு பெரிய குழாய்க்கு அடியில் செம்புலிங்கத்தின் கால் மாட்டியிருந்தது. தண்ணீர் அவர் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது.

சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் அதிகாரியின் குரல் வந்தது. "பன்னிரண்டாம் கதவை மூடு! உடனே மூடு!"

அருளப்பன் பக்கத்திலிருந்த போனைப் பிடுங்கிக் கத்தினான். "சார், உள்ள அண்ணன் இருக்காரு சார்! கால் மாட்டிக்கிச்சு!"

பிறகு, "மூடு அருளப்பன். அடுத்த அறைக்குத் தண்ணி வந்தா கப்பலே போயிடும்" என்றது குரல். இப்போது அது கட்டளை மாதிரி இல்லை.

கதவு கப்பலைப் பார்த்துச் சொன்னது: "நான் மூடமாட்டேன். கீலை இறுக்கிக்கொள்கிறேன். கோணிப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும்."

கப்பலுக்கு மூச்சிரைத்தது. "என் பின்பக்கம் அமிழ்கிறது. இன்னும் ஒரு முழம் போனால் நான் நிமிரமாட்டேன். இந்தப் பக்கம் இருநூற்று அறுபது பேர் இருக்கிறார்கள்."

"அந்தப் பக்கம் செம்புலிங்கம் இருக்கிறார்."

"தெரியும்" என்றது கப்பல். "அவர் என் ஆள் இல்லையா? என் நெஞ்சைத் தினம் தொட்டுப் பார்த்தவர் அவர்தானே?"

பீரங்கி, "மூடு, மூடு" என்று மேலேயிருந்து அழுதது. அதன் குரல் நடுங்கி அன்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

அருளப்பன் வாசலில் ஒரு காலை உள்ளே வைத்து நின்றான். தண்ணீர் வாசற்படியைத் தாண்டி நடைவழியில் ஓடத் தொடங்கியிருந்தது.

"அருளு!" என்று கூப்பிட்டார் செம்புலிங்கம். "தட்டைக் கீழ வை. கதவைச் சாத்து."

"அண்ணே, ஒரு நிமிஷம், நான் வந்து தூக்குறேன்..."

"ஒத்த ஆள் தூக்குற எடையா இது? சொல்றேன்ல, சாத்து."

தன்மேல் வைத்த அருளப்பனின் கைகள் உதறுவதைக் கதவு உணர்ந்தது. அந்த உதறல் தாங்காமல் கீலைத் தளர்த்திவிட்டது. கதவு மூடிக்கொண்டது. அருளப்பன் பிடிகளை ஒவ்வொன்றாக அழுத்தினான். ஆறு பிடிகள் போட்டான். எண்ணெயும் தண்ணீருமாகக் கை வழுக்கியது. அப்படியே முழங்காலில் விழுந்து, நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு அழுதான். கீழ் மூலையில் இரண்டு பிடிகள் பூட்டாமல் கிடந்தன. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் சீறியது.

அந்தப் பக்கம் கடல் கழுத்தளவுக்கு வந்துவிட்டது. கதவு கடலைப் பார்த்தது. இதற்காகவா ஆசைப்பட்டோம் என்று கூசிப்போயிற்று.

அப்போது ஒன்று நடந்தது. ஏறிய தண்ணீர் அந்தக் குழாயைக் கொஞ்சம் அசைத்தது. செம்புலிங்கத்தின் கால் விடுபட்டது. அவர் நீந்திக் கதவடிக்கு வந்தார்.

'வந்துவிட்டார்! திறக்கட்டும், திறக்கட்டும்' என்று கதவு துடித்தது. அவர் கையை அதன்மேல் வைத்தார். அந்தக் கைக்கு நேர் மறுபக்கத்தில் அருளப்பனின் நெற்றி இருந்தது. நடுவில் ஒரு விரல் கனத்துக்கு இரும்பு.

செம்புலிங்கம் தடவிப் பார்த்தார். இரண்டு பிடிகள் பூட்டாமல் இருப்பது கைக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்கி, ஒன்றை அழுத்திப் பூட்டினார். மேலே வந்து மூச்சு வாங்கினார். மறுபடி மூழ்கி இன்னொன்றையும் பூட்டினார்.

சீறல் நின்றது.

கதவின் தோளை அவர் ஒரு தடவை தட்டினார். அவ்வளவுதான்.

கப்பல் மூழ்கவில்லை. வேறு இரண்டு கப்பல்கள் கயிறு கட்டி இழுத்து, ஐந்தாம் நாள் துறைமுகம் சேர்த்தன. தண்ணீரை இறைத்து, கதவைத் திறந்து, செம்புலிங்கத்தை வெளியே கொண்டுவந்தார்கள். எட்டுப் பிடிகளும் பூட்டியிருந்ததைப் பார்த்த அதிகாரிகள், அருளப்பனின் உறுதியை மெச்சிப் பதக்கம் கொடுத்தார்கள். எட்டையும் தானே பூட்டியதாக அவனும் நம்பினான். அந்த நேரம் அவன் எதையும் எண்ணிப் பார்க்கிற நிலையில் இல்லை.

பத்தாம் நாள் மரகதவல்லி வந்தாள். அவர் இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். அருளப்பன்தான் கீழே அழைத்துவந்தான்.

"அவரு ஏதாச்சும் சொன்னாரா தம்பி?"

"இல்ல அண்ணி. அடிபட்டதுமே போயிட்டாரு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"இந்தக் கதவு எப்படிச் சாத்துச்சு?"

அருளப்பன் விளக்கைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"தானா சாத்திக்கிச்சு அண்ணி. கப்பல் சாஞ்ச வேகத்துல தானா சாத்திக்கிச்சு."

மரகதவல்லி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு கதவின் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் அதை அறைந்தாள். வளையல்கள் நொறுங்கி விழுந்தன.

"நாசமாப் போவ நீ! தினம் தொட்டுத் தொட்டுப் பேசின மனுசனை உள்ள வச்சுச் சாத்த உனக்கு எப்படி மனசு வந்துச்சு? நீ உருகித்தான் போவ!"

அவளை மேலே அழைத்துப் போனபிறகு, மேல்தளத்தில் தொங்கிய கப்பல் மணி மெல்ல விசாரித்தது. "பன்னிரண்டே, நீ ஏன் வாய் திறக்கவில்லை? நடந்தது உனக்குத்தானே தெரியும்?"

"எதைச் சொல்ல?" என்றது கதவு. "கடைசிப் பிடியைப் பூட்டியது செம்புலிங்கம்தான் என்று சொன்னால் அவள் மனம் ஆறும். ஆனால் அவர் கால் விடுபட்டுக் கதவுவரைக்கும் வந்தார் என்றும் சொல்லவேண்டியிருக்கும். இன்னும் அரை நிமிடம் பொறுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று இந்தப் பையன் நினைப்பான். அதற்குப் பிறகு இவன் உயிரோடு இருப்பானா?"

"பொறுத்திருந்தால் கப்பல் போயிருக்குமே?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் மனதுக்கு யார் சொல்வது?"



நீலவேங்கைக்குப் புது விலா போட்டார்கள், புது எந்திரம் வைத்தார்கள். இன்னும் இருபத்திரண்டு வருடம் அது உழைத்தது. கடல்கொள்ளைக்காரர்களை விரட்டியது. தீப்பிடித்த எண்ணெய்க் கப்பலிலிருந்து ஆட்களை மீட்டது. அணிவகுப்புகளில் தலைவர்களுக்குச் சலாம் வைத்தது. பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வந்தால் எல்லாரும் பீரங்கியைத்தான் சுற்றி நிற்பார்கள். பீரங்கி முன்போல் பெருமை பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. அருளப்பன் வேறு கப்பலுக்கு மாறிப் போனான். கதவு திறந்தது, மூடியது. அந்தச் சாபத்தை அது யார்மேலும் தள்ளிவிடவில்லை.

கடைசியில் கப்பல் மூப்படைந்தது. கொடியை இறக்கி விடைகொடுக்கும் நாளுக்குப் பழைய ஆட்களையும் குடும்பங்களையும் அழைத்தார்கள். விழா முடிந்து மேல்தளத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஏணியில் இறங்கிக் கீழே வரும் சத்தம் கேட்டது. தலை நரைத்த அருளப்பன். வந்து கதவுக்கு முன்னால் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காலடிச் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. மரகதவல்லி.

அருளப்பன் திரும்பினார்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான்..."

"தெரியும் தம்பி."

"என்ன தெரியும்?"

"நான் மெக்கானிக் பொண்டாட்டி. இந்தக் கதவு தானா சாத்தாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ பொய் சொல்லும்போது விளக்கையும் தரையையும் பார்த்ததைக் கவனிச்சேன்." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அன்னைக்கு யாரையாவது சபிச்சே ஆகணும் போல இருந்துச்சு. உன்னைச் சபிச்சா நீ செத்துப் போயிருப்ப. இது இரும்பு. தாங்கும்னு நினைச்சேன்."

அருளப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். இருபத்தாறு வருடக் கதவு, தன் உடம்பெல்லாம் ஏதோ இளகுவதுபோல் உணர்ந்தது.

"ஏதாச்சும் சொன்னாரா?" என்று மரகதவல்லி மறுபடி கேட்டாள். "இப்பவாவது சொல்லு."

"'தட்டைக் கீழ வை, கதவைச் சாத்து'ன்னாரு அண்ணி. சாப்பாடு வாங்கிட்டு வந்திருந்தேன்."

"திட்டினாரா?"

"இல்ல. எப்பவும் பேசுற மாதிரிதான் சொன்னாரு."

மரகதவல்லி அழுதாள். அருளப்பனும் அழுதார். இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். கதவு தனக்குத் தெரிந்த மிச்சத்தை மிச்சமாகவே வைத்துக்கொண்டது. மேலேயிருந்து யாரோ கூப்பிட்டதும், அருளப்பன் எழுந்து மரகதவல்லிக்குக் கைகொடுத்தார்.

"கதவைத் திறந்தே விட்டுடு தம்பி" என்றாள் அவள்.

பீரங்கியை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார்கள். மணியைக் கடற்படைப் பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். மிச்சத்தை இழுத்துக்கொண்டுபோய், கப்பல் உடைக்கிற ஒரு கடற்கரையில் அலை ஏறும் நேரம் பார்த்துக் கரையேற்றினார்கள். கையில் தீயோடு வெட்டுக்காரர்கள் ஒவ்வொரு அறையாக இறங்கிவந்தார்கள். மற்ற கதவுகளை எல்லாம் கடப்பாரையால் நெம்ப வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் கதவு திறந்தே இருந்தது.