நஜிமா டீச்சர் வீட்டு மிக்ஸி

"டீச்சர், நீங்க சொன்னபடிதான் எல்லாம் செய்றேன். கடைதான் ஓட மாட்டேங்குது."

சவரிமுத்து இதைச் சொல்லாத வாரம் கிடையாது. பஜாரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். தொழில்முனைவோர் பயிற்சி என்று எங்கே நாற்காலி போட்டாலும் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். சொல்லிக்கொடுக்கும் நஜிமா டீச்சருக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. அதற்காக அவர் பயபக்தியைக் குறைத்துக்கொண்டதில்லை.

"இந்த மாசத்தோட இழுத்துப் பூட்டிட்டு எந்தம்பி மில்லுக்கு வாட்ச்மேனாப் போங்கன்னு வீட்ல சொல்லிட்டா டீச்சர். மச்சானுக்கு நான் கேட்ல நின்னு சல்யூட் அடிக்கணும்."

"கடைக்கு வர்றவங்ககிட்ட என்ன பேசுறீங்க?"

"வாடிக்கையாளரோட தேவையை முதல்ல தெரிஞ்சுக்கணும்னு சொன்னீங்கள்ல? கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன்."

"பெறகு?"

"பாதியிலேயே எந்திரிச்சுப் போயிடுறாங்க. அதான் ஏன்னு புரியல."

நஜிமா கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினார். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் வீட்டு மிக்ஸி நின்றுபோனது.

தேங்காயும் பொட்டுக்கடலையும் ஜாரில் அரையும் குறையுமாகக் கிடந்தன. இட்லி வெந்தாகிவிட்டது. பிள்ளைகள் சீருடையோடு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

மிக்ஸியைப் பையில் போட்டுக்கொண்டு பஜாருக்கு நடந்தார். அவருக்குத் தெரிந்த கடை சவரிமுத்து கடைதான்.

கடைச் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். ஸ்பேனர் மாட்டுகிற ஆணியில்கூட ஒன்று தொங்கியது.

"மிக்ஸி சுத்தல" என்றார் நஜிமா.

சவரிமுத்து கண்ணை மூடித் திறந்தார்.

"புரியுது டீச்சர். கரண்ட் இருக்கு, ஆனா சுத்தல. உழைப்பு இருக்கு, பலன் இல்ல. என் கடையைத்தான் சொல்றீங்க."

"மிக்ஸியைச் சொல்றேன்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"தேங்கா."

"தேங்கான்னா, முதலீடு."

"தேங்கான்னா சட்னி. கழட்டிப் பாருங்க."

"வாடிக்கையாளர் மாதிரி வந்து என்னைச் சோதிக்கிறீங்க" என்று சவரிமுத்து சந்தோஷமாகச் சிரித்தார். "சரி, வகுப்புல சொன்ன மாதிரியே போறேன். உங்க வீட்ல எத்தனை பேர்? வாரத்துல எத்தனை தடவை அரைப்பீங்க? நம்ம கடையைப் பத்தி யார் சொன்னாங்க?"

இந்தக் கேள்விகளை இவருக்கு ஓதிக்கொடுத்த புண்ணியவதி யார் என்பது நஜிமாவுக்கு நினைவு வந்தது. யார் மேல் எரிச்சல்படுவது என்றே தெரியவில்லை. இரண்டு பேர் மேலும் பட்டுக்கொண்டார்.

"சவரிமுத்து, இது பாடம் இல்ல. மிக்ஸி ரிப்பேர்."

"அடக்கம் டீச்சர் உங்களுக்கு."

நஜிமா மிக்ஸியை எடுத்துப் பையில் வைத்தார். படியிறங்கினார். எதிர்ச்சாரியில் இன்னொரு பழுதுக் கடை இருந்தது.

"டீச்சர், இதுல என்ன கத்துக்கணும்னு சொல்லிட்டுப் போங்க."

"எம் பிள்ளைங்க இன்னும் சாப்பிடல."

"பிள்ளைங்கன்னா..." என்று பின்னால் குரல் ஆரம்பித்தது.

நஜிமா திரும்பவில்லை. ஒரு மினிபஸ் போகட்டும் என்று சாலையோரம் நின்றார். எதிர்க்கடைக்காரர் அவரையும் பையையும் பார்த்துவிட்டார். உட்கார்ந்திருந்தவர் எழுந்து, எதுவும் கேட்காமல், வாசலுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

பின்னால் குரல் பாதியில் நின்றது.

மினிபஸ் போனது. நஜிமா காலெடுத்து வைப்பதற்குள் கையிலிருந்த பையை யாரோ இழுத்தார்கள். சவரிமுத்து. காலில் செருப்பு இல்லை.

கடைக்குப் போகக்கூட அவருக்குப் பொறுக்கவில்லை. சாலையோரத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை உருவினார். ஒரு திருகைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டார்.

தலை நிமிராமலே கேட்டார்.

"எப்பம்மா வேணும்?"